தலைமுடியின் கதை – 17: எரிந்தால்தான் நேராகுமா?

சென்ற வாரம் சூட்டுச் சீப்போடு நிறுத்தியிருந்தோம். அடுப்பில் காயவைத்த சீப்பால் எண்ணெய் பூசிய சுருள்முடியை இழுத்தால் நிமிரும். நாலு தூறல் விழுந்தால் மறுபடி சுருண்டுகொள்ளும். தண்ணீருக்கு அசையாத நேர்முடி வேண்டுமானால் இழையின் உள்ளே கைவைத்தாக வேண்டும். அமெரிக்கக் கறுப்பின மக்கள் அதற்கு எடுத்துக்கொண்டது காஸ்டிக் சோடாவை. அடைத்துக்கொண்ட கழிவுநீர்க் குழாயில் கொட்டுகிறோமே, அதேதான்.

1940களின் தொடக்கத்தில், பாஸ்டன் நகரத்து ராக்ஸ்பரி பகுதியில், ஒரு பதின்வயதுப் பையனுக்கு அவனுடைய நண்பன் ஷார்ட்டி வீட்டிலேயே முடியை நேராக்கிவிட்டான். அந்தப் பையன்தான் பின்னாளில் கறுப்பின உரிமைத் தலைவரான மால்கம் எக்ஸ். 1965ல் வெளிவந்த அவருடைய சுயசரிதையில் அன்றைக்கு வாங்கிய சாமான் பட்டியலே இருக்கிறது: ஒரு டப்பா காஸ்டிக் சோடா, முட்டை, உருளைக்கிழங்கு, வாசலின், சோப்பு, சீப்புகள், தண்ணீர் பீய்ச்ச ரப்பர் குழாய், ரப்பர் ஏப்ரன், கையுறை. தலை, கழுத்து, காது, நெற்றி எல்லாவற்றிலும் வாசலினை அப்பிய பிறகே கலவை தலைக்கு ஏறியது. கழுவும்போது எங்கேயாவது துளி எரிச்சல் மிச்சமிருந்தாலும் சொல்லிவிட வேண்டும் என்று ஷார்ட்டி எச்சரித்திருந்தான். அவனுடைய ஏற்பாட்டில் பாதி இன்றைக்கும் செல்லும். மறுபாதிதான் தலைமுறை தலைமுறையாகச் சுட்டது. எவ்வளவு நேரம் தாங்குகிறாயோ அவ்வளவு நேராக வரும் என்ற கணக்கு அது.

அந்தக் கணக்கு சமையலறையிலிருந்து பார்லருக்குப் போனது, அம்மாவிடமிருந்து மகளுக்குப் போனது. நாற்காலியில் நெளிகிற சிறுமிக்குக் கிடைத்த பதில், இன்னும் கொஞ்சம் பொறு என்பதுதான். எரிச்சல் வந்தால் மருந்து பிடிக்கிறது என்று நம்பினார்கள். முடி இழைக்கு நரம்பு ஏது? காரம் அதைக் கரைத்தே தின்றாலும் நமக்குத் தெரியாது. எரிகிறதென்றால் மருந்து தோலைத் தொட்டுவிட்டது, அவ்வளவுதான். முடி எந்த அளவுக்கு நிமிர்ந்தது என்பதைப் பற்றி அந்த எரிச்சல் ஒரு சேதியும் சொல்வதில்லை.

முடியின் புரதமான கெரட்டினில், ஏணியின் இரு கால்களைப் படிகள் பிணைப்பதுபோல, கந்தக அணுக்கள் இரண்டிரண்டாகக் கைகோத்துப் புரதச் சங்கிலிகளைப் பிணைத்திருக்கின்றன. காஸ்டிக் சோடா அந்த இணையிலிருந்து ஒரு கந்தகத்தைப் பிடுங்கிவிடுகிறது. மிஞ்சிய ஒற்றைக் கந்தகப் பிணைப்பு மறுபடி பழைய நிலைக்குத் திரும்பாது. ‘ரிலாக்ஸர்’ எனப்படும் இந்தக் காஸ்டிக் சோடா கிரீம் போட்ட முடி நிரந்தரமாக நேராவதும், வேரில் புதிதாக வளர்வது மட்டும் சுருளாக வருவதும் இதனால்தான். இத்தனைக்கும் கிரீமில் காஸ்டிக் சோடா 2, 3 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். ஆனால் பி.எச். அளவு 13ஐத் தொடும். நடுநிலையான 7ஐவிட அதன் காரத்தன்மை பத்து லட்சம் மடங்கு.

தோலில் அமிலம் பட்டால், அது உறையவைத்த புரதமே ஓரளவு தடுப்பாகி அமிலத்தை மேலே நிறுத்திவிடும். காரம் அப்படியல்ல. தோலின் கொழுப்பைச் சோப்பாக்கி, புரதத்தைக் கரைத்து, வழி பண்ணிக்கொண்டே கீழே இறங்கும். வலி பிந்தி வருவதும் உண்டு. வலித்த பிறகு எழுந்து ஓடலாம் என்று உட்கார்ந்திருப்பது ஆபத்தாவது இங்கேதான். (2009ல் வந்த ‘குட் ஹேர்’ ஆவணப்படத்தில் நகைச்சுவை நடிகர் கிறிஸ் ராக் முன்னால் குளிர்பான டின்னைக் காஸ்டிக் சோடாவில் கரைத்துக் காட்டுவார்கள். பார்க்க அதிர்ச்சியாகத்தான் இருக்கிறது. அலுமினியம் எந்த வலுவான காரத்திலும் கரையும் என்பதால், தலைத்தோலைப் பற்றி அது அதிகம் நிரூபிப்பதில்லை.)

1954ல் சிகாகோவில் ஜார்ஜ் ஜான்சன் தொடங்கிய ஜான்சன் ப்ராடக்ட்ஸ், இந்த வீட்டுக் கலவையை நிலையான கிரீமாக டப்பாவில் அடைத்து விற்றது. முதலில் ஆண்களுக்கு, பிறகு ‘அல்ட்ரா ஷீன்’ என்ற பெயரில் பெண்களுக்கு. 1970களின் நடுவில் அமெரிக்க வர்த்தக ஆணையம் அந்த நிறுவனத்தை டப்பாவில் எச்சரிக்கை அச்சிட வைத்தது. போட்டியாளரான ரெவ்லானுக்கு அதே கட்டாயம் தாமதமாகத்தான் வந்தது. ஜான்சனுக்கு அந்த ஆதங்கம் நெடுநாள் போகவில்லை, நியாயமான ஆதங்கம்.

பழைய ரிலாக்ஸர்களுக்கு முதலில் தலை முழுக்க வாசலின் போட்டாக வேண்டும். பின்னால் வந்தவை ‘நோ-பேஸ்’ வகை: எண்ணெயும் பெட்ரோலியம் ஜெல்லியும் கிரீமிலேயே கலந்திருக்கும், உடல்சூட்டில் உருகித் தோல்மேல் படரும். பெயரை நம்பி வாசலினை விட்டுவிடுகிறவர்களுக்குத்தான் காதோரமும் நெற்றியோரமும் வெந்துபோகின்றன. கைதேர்ந்தவர்கள் எந்த வகையானாலும் வகிடு வகிடாகப் பிரித்து வாசலினைப் போடுவார்கள். தேய்ப்பதில்லை, தேய்த்தால் தோல் கிளறப்படும். வைத்துவிட்டால் போதும், தானே உருகிப் பரவும்.

உண்மையில் பாதுகாப்பு, டப்பாவைத் திறப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே தொடங்கிவிடுகிறது. அந்த நாட்களில் தலைக்குக் குளிக்கக் கூடாது; தோலில் தானாக ஊறும் எண்ணெய்தான் முதல் கவசம். நகத்தால் சொறியக் கூடாது, பொடுகைச் சுரண்டக் கூடாது, அழுத்திச் சீவக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒவ்வொன்றும் காரத்துக்குத் திறந்த கதவு. இறுக்கிப் பின்னிய சடைகளை அன்று காலை அவிழ்த்துவிட்டு மாலையில் ரிலாக்ஸர் போடுவது வம்பை விலைக்கு வாங்குவது. ஒரு வாரமாவது தோலை ஆறவிட வேண்டும். புண்ணோ சொரியாசிஸோ இருந்தால் போடவே வேண்டாம். உடற்பயிற்சி முடிந்து வியர்த்த தலையோடு உட்காருவதும் கூடாது.

கிரீமைத் தோலிலிருந்து கால் அங்குலமாவது தள்ளித் தொடங்க வேண்டும். நெற்றியோரத்தையும் பிடரியோரத்தையும் கடைசிக்கு விட வேண்டும். அங்கே தோல் மெல்லியது. இரண்டாம் முறையிலிருந்து புதிதாக வளர்ந்த பகுதிக்கு மட்டும்தான் மருந்து. மாதத்துக்கு அரை அங்குலம் வளர்கிற முடிக்கு எட்டு வாரமாவது இடைவெளி விட்டால்தான் பூச இடமே கிடைக்கும். அவசரப்பட்டு நாலு வாரத்தில் போட்டால் தூரிகை தோலில்தான் போய் நிற்கும்.

கடிகாரத்துக்கு வருவோம். பெரும்பாலான பெட்டிகளில் அச்சிட்ட நிமிடங்கள் முதல் துளி தலையில் பட்டதிலிருந்து எண்ணப்பட வேண்டியவை. பூசி முடித்த பிறகு எண்ணத் தொடங்கினால், முதலில் பூசிய இடம் இரு மடங்கு நேரம் வெந்திருக்கும். அடர்த்தியான தலையும் மெதுவான கையும் சேர்ந்தால் இதுதான் நடக்கும். இதற்குச் சிலர் செய்கிற ஏற்பாடு எனக்குப் பிடிக்கும்: பாதித் தலையை முடித்து, அலசி, மறுபாதியை வேறொரு நாள் போடுகிறார்கள். பார்க்க விநோதம், பலன் பத்திரம். எவ்வளவு நிமிடம் போதும் என்பதை முன்னதாக ஒரு கற்றையில் சோதித்தே அறியலாம். சகிப்புத்தன்மையை அளவுகோலாக்க வேண்டியதில்லை.

குறுகுறுப்பு தொடங்கியதுமே, நிமிடம் மிச்சமிருந்தாலும், வெதுவெதுப்பான தண்ணீரை வேகமாக விட்டு அலசிவிட வேண்டும். கிரீம் முழுக்கப் போன பிறகே, அதற்கென்று தரும் ஷாம்பூ. பல ஷாம்பூக்களில் காரம் மிச்சமிருந்தால் நுரை இளஞ்சிவப்பாகும். வெள்ளையாகும் வரை போட வேண்டும். வெந்த இடத்தில் எலுமிச்சையோ வினிகரோ ஊற்றுவது இன்னொரு காயத்துக்கு வழி. நீண்ட நேரம் ஓடும் தண்ணீர்தான் மருந்து. கண்ணில் பட்டால் 20 நிமிடமாவது கழுவிவிட்டு நேராக மருத்துவமனை.

காஸ்டிக் சோடா இல்லாத ‘நோ-லை’ டப்பாக்கள் சாது என்று ஒரு நினைப்பு. கால்சியம் ஹைட்ராக்சைடு கிரீமில் குவானிடின் கார்பனேட் கரைசலைக் கலந்து பயன்படுத்துவார்கள். எரிச்சல் குறைவுதான், ஆனால் அதன் காரமும் ஏறக்குறைய அதே உயரத்தில்தான் நிற்கிறது.

தழும்போடு விஷயம் நின்றால் பரவாயில்லை. 2012ல் வெளியான, அமெரிக்கக் கறுப்பினப் பெண்களிடம் நடந்த பெரிய ஆய்வொன்றில், ரிலாக்ஸர் போட்ட ஆண்டுகள் கூடக்கூட மட்டுமல்ல, தலை வெந்த தடவைகள் கூடக்கூடவும் கருப்பை நார்க்கட்டி அதிகம் காணப்பட்டது. 2022ல் வெளியான இன்னொரு ஆய்வு 33,000க்கும் மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்து கவனித்தது. ஆண்டுக்கு நான்கு தடவைக்கு மேல் முடி நேராக்கும் மருந்து போட்டவர்களில் 70 வயதுக்குள் கருப்பைப் புற்று வரும் வாய்ப்பு 4.05 சதவீதம், போடாதவர்களில் 1.64. இவை தொடர்பைக் காட்டுகின்றன, காரணத்தை நிரூபிக்கவில்லை. ஆனாலும் வெந்த தோல் வழியாக ரசாயனம் எளிதாக உள்ளே போகும் என்பதை மறுக்க யாருமில்லை.

நம் ஊர் பார்லர்களில் ‘ஸ்ட்ரெய்ட்டனிங்’, ‘ஸ்மூத்தனிங்’ என்று நடப்பது பெரும்பாலும் வேறு மருந்து: பி.எச். 9ஐ ஒட்டி வேலை செய்கிற தயோகிளைகாலேட். காரம் குறைவு. அது போட்ட தலையில் காஸ்டிக் ரிலாக்ஸர் போட்டால் முடி ஒடிந்து கையோடு வந்துவிடும். ‘கெரட்டின்’ என்ற பெயரில் வருபவை சிலவற்றில் ஃபார்மால்டிஹைடுக்கு மாற்றாகக் கிளையாக்ஸிலிக் அமிலம் இருக்கிறது. 2024ல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் ஒரு 26 வயதுப் பெண்ணின் கதை வந்தது. 2020, 2021, 2022 என்று மூன்று முறை இந்த அமிலம் கலந்த கிரீமால் முடி நேராக்கிக்கொண்டார்; மூன்று முறையும் சிறுநீரகம் திடீரென்று பழுதானது. மூன்று முறையும், கிரீம் போடும்போதே தலை எரிந்தது என்று சொல்லியிருக்கிறார்.

(தொடரும்)