திரை மங்கிய காரணம்

கணிப்பொறியில் புதிய இயங்குதளத்தை நிறுவி முடித்தவுடன் திகைத்து நிற்பார் பலர். முதல்நாள் வரை தெளிவாக விளங்கிய திரையில் எழுத்துகள் பருத்தும் மங்கியும் தோன்றும். வட்டம் முட்டை வடிவங்கொள்ளும். சில வேளைகளில், அழுத்தவேண்டிய பொத்தானே திரையின் விளிம்புக்கு அப்பால் சென்று மறைந்துவிடும். தமிழ் படிப்பார்க்கோ இடர்ப்பாடு இன்னும் மிகுதி. மெய்யெழுத்தின் தலைப்புள்ளி கலங்கினால் 'க்' என்பது 'க' எனத் தோன்றும். ணகரத்திற்கும் னகரத்திற்கும் சுழிகளை எண்ணிப் பார்த்தல் அரிதாகும். திரை பழுதுற்றதென்று கருதிப் புதியது வாங்கப் பணம் தேடுவாரும் உளர். அச்செலவு பெரும்பாலும் வீணே. திரையில் குறை யாதுமில்லை. புதிதாக வந்த இயங்குதளம் அதன் அளவை இன்னும் அறிந்துகொள்ளவில்லை.

இக்காலத்துத் தட்டைத் திரை, கட்டம் போட்ட தாளை ஒத்தது. பிக்சல் எனப்படும் நுண்புள்ளிகள் அதில் வரிசை வரிசையாக நிலைபெற்றுள்ளன. பரவலாக வழங்கும் ஒருவகைத் திரையில், வரிசைக்கு 1920 புள்ளிகளாக 1080 வரிசைகள் உண்டு. மொத்தம் 20,73,600 புள்ளிகள். இவ்வளவே தெளிதிறன் அல்லது ரெசல்யூஷன் எனப்படுவது. புதிய இயங்குதளமோ 1024 புள்ளி அகலமும் 768 புள்ளி உயரமும் உடைய படத்தை அனுப்புகிறது எனக் கொள்க. அதில் உள்ளவை 7,86,432 புள்ளிகளே. திரை என்செய்யும்? வந்த படத்தை இழுத்து நிரப்பும். அகலவாட்டில் ஒரு புள்ளியை 1.875 புள்ளிகளின் இடத்தில் பரப்பவேண்டும். புள்ளியை அரையும் காலுமாக வெட்ட இயலாதாகையால், அண்டைப் புள்ளிகளின் நிறங்களைக் கலந்து இட்டுவிடுகிறது. மங்கலுக்குக் காரணம் இக்கலப்பே. உயரவாட்டில் இழுப்பு ஏறத்தாழ 1.4 மடங்கே ஆதலின், வட்டம் பக்கவாட்டில் மூன்றில் ஒரு பங்கு நீண்டு முட்டையாகிறது. பழைய படக்குழாய்த் திரையில் எலெக்ட்ரான் கற்றை ஓடிப் படம் வரைந்தது. அதற்கு இத்துணைக் கண்டிப்பான கட்டம் இல்லாமையால் இவ்விடரும் குறைவாயிருந்தது.

திரை தன் அளவைத் தானே தெரிவிக்கும் ஏற்பாடும் உண்டு. 'ஈடிட்' என்னும் குறிப்பு ஒன்று அதனுள்ளே பதிக்கப்பட்டிருக்கும். 1994ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட இக்குறிப்பின் அடிப்படை அளவு 128 பைட்டுகளே. கணிப்பொறி அதனைப் படித்துத் திரைக்கேற்ற படத்தை அனுப்புகிறது. பதினைந்து ஊசிகள் கொண்ட பழைய வி.ஜி.ஏ. வடத்தில் 12ஆம் ஊசியும் 15ஆம் ஊசியும் இச்செய்திக்கு உரியவை. அவ்விரண்டில் ஒன்று ஒடிந்தாலும் நிறங்கள் யாவும் குறைவின்றி வரும். அளவு மட்டும் வந்து சேராது. ஊமை கண்ட கனவுபோல, திரை அறிந்தது திரைக்குள்ளேயே அடங்கிவிடும். ஆகவே, வடத்தைக் கழற்றி ஊசிகளைப் பார்த்தலும், வேறொரு வடத்தை மாட்டிப் பார்த்தலும் முதலில் செய்யத்தக்கவை.

குறிப்பு வந்து சேர்ந்தாலும், கிராபிக்ஸ் கருவியை அதன்படி நடத்த டிரைவர் எனப்படும் இயக்கி வேண்டும். பழைய இயங்குதளத்தை நீக்கியபோது அதன் இயக்கியும் உடன் நீங்கிற்று. புதியது, எல்லாக் கருவிகளுக்கும் ஒருவாறு பொருந்தும் பொது இயக்கியைக் கொண்டு காலந்தள்ளுகிறது. 2012இல் வெளிவந்த விண்டோஸ் 8 முதலாக அப்பொது இயக்கிக்கு 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்பது பெயர். டிவைஸ் மேனேஜர் பட்டியலில் இப்பெயர் காணப்படின் காரணம் விளங்கிவிட்டது. இன்டெல், ஏஎம்டி, என்விடியா ஆகியவற்றுள் கருவி எந்நிறுவனத்தது என்று அறிந்து, அதற்குரிய இயக்கியை அந்நிறுவனத்தின் தளத்திலிருந்தே பெற்று நிறுவுதல் வேண்டும். கண்ட இடங்களில் இலவசமாகக் கிடைக்கும் இயக்கிகளை நம்புதல் கேடு பயக்கும்.

லினக்ஸில் இன்டெல், ஏஎம்டி கருவிகளுக்குரிய இயக்கிகள் கெர்னலுடனேயே வருகின்றன. எனினும் நிறுவுங்கால் திரை இருண்டமையால், 'நோமோட்செட்' என்னும் சொல்லை இட்டுத் தொடங்கியோர் உண்டு. வேலை முடிந்த பின்னும் அச்சொல் தொடக்கக் கட்டளையில் தங்கிவிட்டால், நல்ல இயக்கியும் வாய் திறவாது. அதனை நீக்கி மீண்டும் தொடங்கினால் போதும்.

இயக்கி அமைந்தபின், திரை அமைப்புப் பகுதியில் தெளிதிறன் பட்டியல் நீண்டு தோன்றும். பரிந்துரைக்கப்பட்டது என்று குறிக்கப்பெற்ற அளவைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். தவறிப் பொருந்தாத அளவைத் தேர்ந்து திரை இருண்டுபோனாலும் அஞ்சவேண்டுவதில்லை. விண்டோஸில் விசைப்பலகையைத் தொடாமல் காத்திருந்தால், 15 விநாடிகளில் பழைய அளவு தானே திரும்பிவிடும்.