விரிசல் விழாத சிட்ரஸ் சீஸ் கேக்... வீட்டிலேயே செய்யலாம்!

கிரீம் சீஸ் விலை அதிகம். அதை வாங்கிவந்து, அரை நாள் செலவழித்து, ஆசையாக ஓவனைத் திறந்தால் கேக்கின் நடுவே வறண்ட ஏரி மண்போல ஒரு வெடிப்பு! சீஸ் கேக் செய்யப் பலரும் தயங்குவது இதனால்தான்.

பெயரில் கேக் இருந்தாலும், இது உண்மையில் கஸ்டர்ட் வகை. முட்டையும் பால் பொருள்களும் மிதமான சூட்டில் இறுகுவதுதான் இதன் சூட்சுமம். சூடு கூடினால் முட்டையிலுள்ள புரதம் சுருங்கி, மேற்பரப்பு பிளக்கும். சாதாரண கேக் போல அடித்துக் கலக்கினாலும் ஆபத்துதான். உள்ளே புகும் காற்று ஓவனில் உப்பி, ஆறும்போது அமுங்கி விரிசலாகும்.

சீஸ் சேர்த்த பலகாரங்கள் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே ரோமில் இருந்தன. இன்று பிரபலமான நியூயார்க் பாணிக்கு அடிப்படை, அந்த மாகாணத்தில் 1870-களில் தயாரான கிரீம் சீஸ்.

தேவையானவை (20 செ.மீ. டின்னுக்கு)

அடித்தளத்துக்கு: டைஜஸ்டிவ் பிஸ்கட் - 180 கிராம், உருக்கிய வெண்ணெய் - 80 கிராம்.

மேலே: கிரீம் சீஸ் - 500 கிராம், சர்க்கரை - 125 கிராம், நீர் வடித்த கெட்டித் தயிர் - 150 கிராம், முட்டை - 3, சோள மாவு - 1 டேபிள்ஸ்பூன், எலுமிச்சை - 2, ஆரஞ்சு - 1.

செய்முறை

சீஸ், தயிர், முட்டை மூன்றையும் ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வையுங்கள். குளிர்ந்த சீஸ் கட்டி கட்டியாக நிற்கும்.

பிஸ்கட்டைத் தூளாக்கி வெண்ணெயுடன் பிசறி, அடி கழலும் டின்னில் அழுத்திப் பரப்புங்கள். 160 டிகிரியில் 10 நிமிடம் பேக் செய்து ஆறவிடுங்கள்.

பழங்களைக் கழுவித் துடைத்து, தோலின் நிறமுள்ள பகுதியை மட்டும் துருவுங்கள். வெள்ளைப் பகுதி கசக்கும். துருவலைச் சர்க்கரையோடு விரலால் கசக்கினால் தோலின் எண்ணெய் இறங்கி வாசனை தூக்கும்.

இந்தச் சர்க்கரையுடன் சீஸைக் குழைத்து, தயிர், சோள மாவு, 2 டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு சேருங்கள். முட்டைகளைக் கடைசியில் ஒவ்வொன்றாக ஊற்றி, கலந்ததும் நிறுத்திவிடுங்கள்.

கலவையை டின்னில் ஊற்றி, ஓவனின் கீழ்த்தட்டில் ஒரு தட்டு வெந்நீர் வைத்து, 150 டிகிரியில் 45 முதல் 55 நிமிடம் பேக் செய்யுங்கள். ஓரம் இறுகி, நடுப்பகுதி லேசாக ஆடும்போதே அடுப்பை அணைக்க வேண்டும். 'இன்னும் வேகவில்லையோ' என்று கூடுதலாக விடும் பத்து நிமிடம்தான் கேக்கைக் கெடுக்கும். மீதியை உள்ளிருக்கும் சூடே பார்த்துக்கொள்ளும்.

கதவைச் சற்றே திறந்துவைத்து ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள். பிறகு வெளியே எடுத்து, ஓரத்தைச் சுற்றிக் கத்தியால் கீறி விடுங்கள். டின்னில் ஒட்டியிருந்தால் சுருங்கும்போது இழுபட்டுப் பிளக்கும். நன்றாக ஆறியதும் இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வையுங்கள்.

மறுநாள் வெந்நீரில் முக்கித் துடைத்த கத்தியால் வெட்டினால் துண்டுகள் சுத்தமாக வரும். அப்படியும் விரிசல் விழுந்ததா? மேலே ஆரஞ்சுச் சுளைகளை அடுக்கிப் பரிமாறுங்கள். ருசியில் விரிசல் இருக்காது!