பரணிலிருந்து இறங்கிய பெட்டி

2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் தாமிரபரணி ஆடிய ஆட்டத்தை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டம் இரயில் நிலையத்தில் நூற்றுக்கணக்கான பயணிகள் வெள்ளத்தின் நடுவே சிக்கித் தவித்தனர். ஆற்றங்கரைச் சிற்றூர்களில் நீர் வடிந்தபின் வீடு வீடாகச் சென்ற நாம், தெருவோரங்களில் குவிந்து கிடந்த மெத்தைகளையும் பாடநூல்களையும் சேறு படிந்த தட்டைத் தொலைக்காட்சிகளையும் கண்டோம்.

அவ்வாறு ஒரு வீட்டில் கைம்பெண்ணான மூதாட்டி ஒருவர், நீரில் ஊறி ஒட்டிக்கொண்ட புகைப்படத் தொகுப்பு ஒன்றை மடியில் வைத்து, ஏடுகளைப் பிரிக்க முயன்றுகொண்டிருந்தார். தொட்ட இடமெல்லாம் முகங்கள் கரைந்து வந்தன. தொலைக்காட்சி போனதைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. "அவுக மூஞ்சி ஒண்ணுகூட மிஞ்சலையே சாமி" என்றார்.

சில மாதங்கள் கழித்து அவர் நம் இல்லத்திற்கு வந்தார். கையில் உள்ளங்கையளவு கருநிறப் பெட்டி ஒன்றும் ஒரு பென்டிரைவும் இருந்தன. குவைத்தில் பணிபுரியும் மகன், தன்னிடமிருந்த குடும்பப் படங்களையும் ஒளிப்பதிவுகளையும் அந்தப் பென்டிரைவில் சேர்த்து, அவற்றைத் தொலைக்காட்சியில் காட்டவல்ல கருவியையும் ஊர் திரும்பிய ஒருவர் வழியாக அனுப்பியிருந்தார். வீட்டிலோ புதிய தொலைக்காட்சி இல்லை. சுவரையும் கூரையையும் சீர்செய்யவே கையிருப்புப் போதவில்லை. பரண்மேல் துணியிட்டு மூடி வைத்திருந்ததால் வெள்ளத்திற்குத் தப்பிய 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சி மட்டும் இருந்தது. 2006 செப்டம்பரில் தொடங்கி 2011 வரை தமிழக அரசு ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட குடும்பங்களுக்கு இலவசமாக வழங்கிய பெட்டிகளுள் ஒன்று அது.

அதில் கேபிள் இணைப்பு நன்றாகவே தெரிந்தது. ஆயின் மகன் அனுப்பிய கருவியைச் செருகத்தான் இடமில்லை. நகரத்துக் கடை ஒன்றில் கேட்டபோது, "இதைத் தூக்கிப் போடுங்கள்" என்று கூறிவிட்டனராம்.

தூக்கிப் போட வேண்டியதுதானா? நமக்கு அப்படித் தோன்றவில்லை. மின்கருவிகளில் தேர்ந்த பங்கு இளைஞர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, ஒரு சனிக்கிழமை மாலை அவ்வீட்டிற்குச் சென்றோம்.

பழைய பெட்டிக்குப் படம் என்பது இடைவிடாது ஏறி இறங்கும் மின்னலை. அது மஞ்சள் நிறத் துளையின் வழியே உள்ளே செல்லும். வெள்ளையும் சிவப்பும் ஒலிக்குரியவை. சிறு பெட்டிகள் சிலவற்றில் ஒலிக்கு வெள்ளைத் துளை ஒன்றே இருக்கும். இன்றைய கருவிகளோ படத்தை எண்களாக்கி, எச்.டி.எம்.ஐ. எனும் தட்டையான துளையின் வழியே அனுப்புகின்றன. இம்முறை 2002-ஆம் ஆண்டின் இறுதியில்தான் வகுக்கப்பட்டது. இலத்தீன் மட்டுமே அறிந்தவரும் தமிழ் மட்டுமே அறிந்தவரும் எதிரெதிரே அமர்ந்தாற்போன்ற நிலை. இடையே ஒரு துபாஷி வேண்டும். கேபிள் படம் மட்டும் தெரிந்தது எவ்வாறெனில், அதனுடன் வரும் செட்டாப் பாக்ஸ் தானே அந்த மொழிபெயர்ப்பைச் செய்து மஞ்சள் கம்பியில் அனுப்பிவிடுகிறது. டி.வி.டி. கருவிகள் பலவும் அத்தகையனவே.

இந்தத் துபாஷியை வாங்குவதில்தான் நம்மவர் ஏமாறுகின்றனர். நாமும் ஏமாந்தோம். ஒரு முனையில் எச்.டி.எம்.ஐ. செருகியும் மறுமுனையில் மூவண்ணச் செருகிகளும் கொண்ட வெறுங்கம்பி ஒன்று கடைகளில் தொங்குகிறது. மலிவு என்று முதலில் அதையே வாங்கினோம். கம்பி எவ்வாறு மொழிபெயர்க்கும்? திரை கருமையாகவே இருந்தது. தேவைப்படுவது தீப்பெட்டியினும் சற்றே பெரிய மாற்றுக்கருவி. அதற்கு 5 வோல்ட் மின்சாரம் தனியே ஊட்ட வேண்டும். கைப்பேசிக்கு மின்னேற்றும் செருகியே போதும். மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். எச்.டி.எம்.ஐ.யிலிருந்து ஏ.வி.க்கு மாற்றுவது ஒன்று, ஏ.வி.யிலிருந்து எச்.டி.எம்.ஐ.க்கு மாற்றுவது வேறொன்று. இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்போல் காட்சியளிக்கும். மேலே பொறித்த எழுத்தைப் படிக்காமல் வாங்கினால் மீண்டும் பேருந்து ஏற வேண்டியதுதான்.

சரியானதை இணைத்து, தொலையியக்கியில் ஏ.வி. பொத்தானை அழுத்தியதும் படம் வந்தது. ஆனால் கருப்பு வெள்ளையில், மேலும் கீழும் உருண்டுகொண்டு! நமக்குச் சிறுவயது நினைவுக்கு வந்தது. 1982-இல் இலங்கையின் ரூபவாகினி தொடங்கியபோது, நம் தென்கரையோர வீடுகளில் நெடிய கம்பங்களை நட்டு, ஒருவர் கூரையில் நின்று அலைவாங்கியைத் திருப்ப, மற்றவர் கீழிருந்து "இப்பம் தெரியுது" என்று கூவிய காலம் அது. இப்போது கூரையேறத் தேவையில்லை. மாற்றுக்கருவியின் பக்கவாட்டிலுள்ள சிறு விசை, என்.டி.எஸ்.சி. எனும் அமெரிக்க முறையில் நின்றிருந்தது. 625 கோடுகள் கொண்ட பி.ஏ.எல். முறைக்கே நம் நாட்டுப் பெட்டிகள் அமைந்தவை. விசையை நகர்த்தியதும் வண்ணம் வந்தது, உருளலும் நின்றது.

திரையில் பேரனின் திருமுழுக்கு விருந்து ஓடியது. கைப்பேசியில் எடுத்த பதிவு. இலையின் முன் அமர்ந்து யாரையோ பார்த்துச் சிரித்தார் மூதாட்டியின் கணவர். நாம் மகிழ்ந்து அம்மையாரின் முகத்தை நோக்கினோம். அவரோ புருவத்தைச் சுருக்கினார்.

"அவுக இப்படி ஒட்டி ஒலர்ந்து இருந்ததே கெடையாது சாமி. இது யாரோ மாதிரில்லா இருக்கு?"

அவர் சொன்னது முற்றிலும் உண்மை. புதிய படங்களின் அகலமும் உயரமும் 16-க்கு 9 என்ற அளவின. பழைய திரையோ 4-க்கு 3. அகன்ற படத்தைக் குறுகிய திரையில் திணித்தால் எல்லாரும் மெலிந்து நெடியவராகின்றனர். இதை நாம் கவனிக்கவேயில்லை. அந்த இளைஞரும் கவனிக்கவில்லை. நாற்பதாண்டு உடன் வாழ்ந்த கண்ணுக்கே அது தெரிந்தது! மகன் அனுப்பிய கருவியின் அமைப்புப் பகுதியில் திரையளவை 4-க்கு 3 என மாற்றினோம். மேலும் கீழும் கரும்பட்டைகள் தோன்றின. முகம் பழைய வடிவத்திற்கு வந்தது.

அங்குள்ள எழுத்துகளைப் படிக்க நாம் பட்ட பாடு தனி. பழைய திரையில் பொடி எழுத்து மங்கியே தெரியும். ஆகவே இத்தகைய மாற்றங்களை இயலுமாயின் முதலில் ஒரு புதிய தொலைக்காட்சியில் செய்து கொண்டுவருவது நலம். பெட்டியின் பின்மூடியை மட்டும் எவரும் கழற்ற வேண்டாம். வண்ணப் படக்குழாயில் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தம் உண்டு. செருகியைப் பிடுங்கிய பின்னும் அது உள்ளே தங்கியிருக்கக்கூடும். வெள்ளத்தில் நனைந்த பெட்டியாயின் அதற்கு மின்சாரம் கொடுக்கவே கூடாது.

புறப்படும் வேளையில் அம்மையார் தொலையியக்கியை நீட்டி, ஏ.வி. பொத்தான் எதுவென்று மீண்டும் காட்டக் கேட்டார். இளைஞர் பேத்தியின் நகப்பூச்சை வாங்கி அதன்மேல் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தார். நாம் தெருமுனை திரும்பும் வரை, அந்த விருந்தின் ஓசை மீண்டும் முதலிலிருந்து கேட்டது.