இருமல் நின்ற பிறகும் மாத்திரை எதற்கு?

"வாப்பாவுக்கு இருமல் நின்னுடுச்சே, இனி மாத்திரை எதுக்கு?" காசநோய் வந்த வீடுகளில் இரண்டாம் மாதமே எழும் கேள்வி இது.

உடலில் நுழையும் கிருமியை மேக்ரோபேஜ் என்னும் வெள்ளை அணு விழுங்கி, ஒரு சிறு பைக்குள் அடைக்கும். செரிக்கும் நொதிகள் நிறைந்த லைசோசோம் என்ற இன்னொரு பை அதனுடன் இணைந்தால், பெரும்பாலான கிருமிகளின் கதை முடிந்தது. காசநோய்க் கிருமி எப்படித் தப்புகிறது?

ஆம்ஸ்ட்ராங், டார்சி ஹார்ட் என்ற இருவர் 1971இல் அதைப் படமாகவே காட்டினார்கள். இரும்பு அடங்கிய ஃபெரிட்டின் என்னும் புரதத்தை லைசோசோம்களில் சேரவிட்டு, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். ஃபெரிட்டின் கரும்புள்ளிகளாகத் தெரியும். செத்த கிருமிகள் கிடந்த பைகளில் புள்ளிகள் வந்திருந்தன. உயிருள்ளவை இருந்த பைகளில் பெரும்பாலும் இல்லை. பைகள் இணையாதபடி கிருமியே தடுத்திருக்கிறது! திருடன் காவல் நிலையத்திலேயே குடியேறிய கதைதான்.

மருந்து தொடங்கிய சில வாரங்களில் பெரும்பகுதி கிருமிகள் செத்துவிடும், இருமலும் அடங்கும். ஒளிந்தும் உறங்கியும் கிடக்கும் மிச்சத்தை ஒழிக்கத்தான் வழக்கமான சிகிச்சை 6 மாதம். பாதியில் விட்டால் அவை மீண்டும் பெருகும். மருந்துக்கு அடங்காதவையாகவும் மாறலாம்.

மாத்திரை அரசு மருத்துவமனைகளில் இலவசம். சிறுநீர் செம்மஞ்சளாகப் போனால் பயம் வேண்டாம், அது ரிஃபாம்பிசின் மருந்தின் நிறம். கண் மஞ்சளானாலோ வாந்தி நிற்காவிட்டாலோ அன்றே மருத்துவரிடம் போங்கள்.