உள்ளூர் வரலாற்று மன்றத்தின் ஓராண்டுப் பணிகள் (கொங்கு நாடு)

உள்ளூர் வரலாற்று மன்றம் என்பது ஒரு வட்டாரத்தில் உள்ள கல்வெட்டு, நடுகல், செப்பேடு, ஓலைச்சுவடி, பழங்காசு, வாய்மொழிக் கதை முதலியவற்றைத் தேடிப் பதிவு செய்யும் தன்னார்வ அமைப்பாகும். ஆசிரியர்கள், உழவர்கள், மாணவர்கள், ஓய்வு பெற்ற அலுவலர்கள் ஆகியோர் இதில் உறுப்பினராக இருப்பர். இம்மன்றங்களின் முதன்மைப் பணி புதிதாக ஒன்றைக் கண்டுபிடிப்பது மட்டுமன்று. இருக்கும் சான்று அழிவதற்கு முன், அது இருந்த இடத்தோடு சேர்த்துப் பதிவு செய்வதே ஆகும். கோபிசெட்டிபாளையம், ஈரோடு சுற்றுவட்டாரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அத்தகைய மன்றத்தின் ஆண்டுப் பணிகள் இங்கு விளக்கப்படுகின்றன.

பின்னணி

கொங்கு நாட்டின் வரலாற்றுச் சான்றுகள் பலவற்றை வெளிக்கொணர்ந்தவர்களில் பள்ளி ஆசிரியர்களுக்கு முக்கிய இடம் உண்டு. ஈரோட்டை அடுத்த அறச்சலூர் நாகமலையில் உள்ள பழந்தமிழ்க் கல்வெட்டுகளை 1960களின் தொடக்கத்தில் கண்டறிந்தவர் புலவர் செ. இராசு (1938–2023). அப்போது அவர் பள்ளித் தமிழாசிரியர். இசை அல்லது ஆடலுக்குரிய எழுத்தடுக்குகள் வரிசையாக வெட்டப்பட்டிருப்பது இக்கல்வெட்டுகளின் சிறப்பு. அவற்றை அமைத்தவர் தேவன் சாத்தன் என்னும் வண்ணக்கன், அதாவது காசையும் பொன்னையும் சோதிப்பவர். இராசு பின்னர் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியல் துறையில் பணியாற்றினார்.

நொய்யல் ஆற்றின் வடகரையில் உள்ள கொடுமணல் மற்றோர் எடுத்துக்காட்டு. பதிற்றுப்பத்து கொடுமணம் என்று குறிப்பிடும் ஊர் இதுவே என்பர். 1985இல் தமிழ்ப் பல்கலைக்கழகம் இங்கு அகழாய்வைத் தொடங்கியது. கல்மணி செய்த தொழிற்கூடங்களின் எச்சங்களும், இரும்பு உருக்கிய தடயங்களும், தமிழ்ப் பிராமி எழுத்துள்ள பானையோடுகளும் கிடைத்தன.

தை முதல் பங்குனி வரை: களப்பணி

மானாவாரிக் காடுகளில் மார்கழி, தை மாதங்களில் அறுவடை முடிந்துவிடும். பயிர் இல்லாத நிலத்தில் நடப்பது எளிது. வரப்பிலும் வேலியிலும் கிடக்கும் கற்களும் கண்ணுக்குத் தெரியும். எனவே மேற்பரப்பு ஆய்வுக்கு ஏற்ற காலம் இதுவே. நில உரிமையாளரின் ஒப்புதல் பெற்ற பிறகே காட்டுக்குள் செல்ல வேண்டும்.

கொங்கு நாட்டில் புலியோடு போரிட்டு இறந்த வீரனுக்கு எடுக்கப்பட்ட புலிகுத்திக் கற்கள் பல உள்ளன. இவற்றுள் சில இன்றும் வழிபாட்டில் உள்ளன. சில கேட்பாரற்று மண்ணில் புதைந்து கிடக்கின்றன. ஒரு கல்லைக் கண்டால் பின்வருவனவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

- ஊர், வட்டம், நிலத்தின் புல எண்
- கல்லின் உயரம், அகலம், நோக்கும் திசை
- ஊரார் அதற்கு வழங்கும் பெயர், சொல்லும் கதை
- வழிபாடு நடக்கிறதா என்ற விவரம்
- அருகில் உள்ள குளம், பழைய பாதை, கோயில்

எழுத்துள்ள கல்லைக் காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் படம் எடுத்தால் எழுத்துகள் தெளிவாகத் தெரியும். எழுத்தின் மேல் சுண்ணக்கட்டியால் எழுதுவது, வண்ணம் பூசுவது, கம்பித் தூரிகையால் தேய்ப்பது, அமிலம் ஊற்றுவது ஆகியவை கல்லைக் கெடுக்கும்.

கோடை: நீர் வற்றும் காலம்

பவானிசாகர் அணை 1955இல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் நீர்த்தேக்கத்தில் மூழ்கிய இடங்களுள் ஒன்று தணாயக்கன் கோட்டை. ஒய்சளர்களின் படைத்தலைவர்களான தண்டநாயக்கர்களின் பெயரால் அமைந்த இக்கோட்டையில் இருந்த கோயில், அணையின் நீர்மட்டம் வெகுவாகக் குறையும் ஆண்டுகளில் மட்டும் வெளியே தெரியும். இத்தகைய இடங்களில் ஆய்வு செய்யும் வாய்ப்பு சில வாரங்களே நீடிக்கும். எனவே உரிய துறையின் அனுமதி, பாதுகாப்பு ஏற்பாடு ஆகியவற்றை முன்கூட்டியே செய்துகொள்ள வேண்டும். குளங்களும் ஏரிகளும் வற்றும்போது மதகுகளில் உள்ள கல்வெட்டுகளைப் படிக்கலாம். மதகைக் கட்டியவர், நீர்ப்பங்கீடு முதலிய செய்திகள் அவற்றில் இருக்கக்கூடும். மதகுக் கல்லைப் பெயர்த்து வேறிடத்தில் வைத்துவிட்டால், அது எந்த நீரைப் பற்றிப் பேசுகிறது என்பதே தெரியாமல் போகும்.

ஏப்ரல் 18 உலக மரபு நாள்; மே 18 உலக அருங்காட்சியக நாள். கோடையில் வரும் இவ்விரு நாள்களை ஒட்டி மாணவர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்துவது பயனுள்ளது.

படியெடுத்தல்

புகைப்படத்தில் தெளிவாகத் தெரியாத கல்வெட்டை மைப்படி எடுத்துப் படிக்கலாம். கல்லை நீரால் மென்மையாகச் சுத்தம் செய்து, நனைத்த தாளை அதன் மேல் ஒட்டி, தூரிகையால் மெதுவாகத் தட்டுவர். தாள் எழுத்தின் பள்ளங்களுக்குள் படியும். ஈரம் சற்று உலர்ந்ததும் மையை ஒற்றினால், எழுத்து வெண்மையாகவும் சுற்றுப்புறம் கருமையாகவும் தோன்றும். இப்பணியைப் பயிற்சி பெற்றவர் முன்னிலையில்தான் செய்ய வேண்டும்.

மழைக்காலம்: படித்தலும் சரிபார்த்தலும்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் களப்பணி குறையும். அப்போது மைப்படிகளையும் படங்களையும் வைத்துக்கொண்டு பாடத்தை எழுதுவர். ஒருவர் படித்ததை மற்றொருவர் பார்க்காமல் தனியே படித்து, பிறகு இரண்டையும் ஒப்பிடுவது நல்ல முறை. புதிய கல்வெட்டு என்று அறிவிக்கும் முன், 1887 முதல் வெளிவரும் கல்வெட்டு ஆண்டறிக்கைகளில் அது ஏற்கெனவே பதிவாகியுள்ளதா என்று பார்க்க வேண்டும்.

நவம்பர் 19 முதல் 25 வரை உலக மரபு வாரம். பள்ளிகளில் மைப்படிக் கண்காட்சி நடத்தவும், மாணவரைக் கொண்டே அவரவர் ஊர்ப்பெயர் வரலாற்றைத் தொகுக்கவும் இது ஏற்ற வாரம்.

வாய்மொழி வரலாறு

கோயில் விழாக்களில் பாடப்படும் கதைகளும் சான்றுகளே. கனடிய மானிடவியலாளர் பிரெண்டா பெக், 1965இல் காங்கேயம் வட்டாரத்தில் ஓலப்பாளையத்தில் அண்ணன்மார் கதையைப் பல இரவுகள் ஒலிநாடாவில் பதிவு செய்தார். இன்று ஒரு கைப்பேசியே இப்பணிக்குப் போதும். பாடுபவரின் ஒப்புதலைப் பெறுவதும், நாள், இடம், பாடியவர் பெயர் ஆகியவற்றைக் குறிப்பதும் கட்டாயம்.

ஆண்டுக் கூட்டமும் வெளியீடும்

சங்கமாகப் பதிவு செய்த மன்றம், தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி (1975) ஆண்டுதோறும் பொதுக்குழுவைக் கூட்டி வரவு செலவுக் கணக்கை வைக்க வேண்டும். அவ்வாண்டில் பதிவான சான்றுகளின் பட்டியலையும் அக்கூட்டத்தில் வாசிப்பது நல்லது. தமிழகத் தொல்லியல் கழகம் 1991 முதல் வெளியிட்டு வரும் ஆவணம் இதழில், தமிழகத்தின் பல பகுதிகளைச் சேர்ந்த ஆர்வலர்களும் ஆய்வாளர்களும் கண்டறிந்த கல்வெட்டுகள் பாடத்துடன் வெளிவருகின்றன. நாளிதழ்ச் செய்தி ஒரு நாளில் மறைந்துவிடும். பாடமும் படமும் இத்தகைய இதழில் இடம்பெற்றால்தான் பிற்கால ஆய்வாளர்க்குப் பயன்படும்.

சட்ட வரம்பு

உரிமம் இன்றி அகழாய்வு செய்ய மன்றங்களுக்கு உரிமை இல்லை. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் கிடைக்கும் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். கண்டெடுத்த பொருளை உறுப்பினர் வீட்டில் சேர்த்து வைப்பதும் தவறு.

அழிவும் பதிவும்

சாலை விரிவாக்கம், வீட்டு அடித்தளம், நிலம் சமன்படுத்துதல் ஆகியவற்றால் கற்கள் உடைகின்றன. கோயில் திருப்பணியில் தரைக்கல்லின் மேல் சலவைக்கல் பதிப்பதாலும், மணல் வீச்சால் சுவரைச் சுத்தம் செய்வதாலும் எழுத்துகள் மறைகின்றன. இவை பெரும்பாலும் அறியாமையால் நிகழ்பவை. துணி துவைக்கும் கல்லாகக் கிடப்பது தம் ஊர் வீரனின் நடுகல் என்று தெரிந்தால், ஊராரே அதை எடுத்து நிறுத்துவதும் உண்டு. ஆகவே ஒரு மன்றம் தன் பதிவேட்டின் படியைத் தொல்லியல் துறைக்கு அனுப்புவதோடு, அந்தந்த ஊர்ப் பள்ளிக்கும் ஊராட்சிக்கும் ஒரு படி கொடுக்க வேண்டும். கல் நாளை காணாமல் போனாலும் அது இருந்த இடமும் சொன்ன செய்தியும் ஊரில் எஞ்சியிருக்கும்.