பாறை ஒப்புக்கொள்ள வேண்டும்

குடிநீருக்கு ஊற்றுத் தோண்ட ஆற்று மணலைத் தேடிப் போகிறோம். ஏரியில் நீர் நிற்கவோ அடியில் களிமண் வேண்டும். களிமண்ணில் துளைகள் குறைவு என்பதல்ல காரணம். பல நேரம் மணலைவிடக் களியில்தான் துளைகளின் மொத்த அளவு அதிகம். ஆனால் அவை மிக நுண்ணியவை. நீர் அவற்றில் புகுந்து நகர வழியில்லை. ஒரு பாறை எவ்வளவு கொள்ளும் என்பது ஒன்று, எவ்வளவு எளிதாக வழிவிடும் என்பது வேறு. கார்பன் டை ஆக்சைடை நிலத்தடியில் புதைக்கும் முயற்சிகள் வெல்வதும் தோற்பதும் இந்த வேறுபாட்டில்தான்.

புதைக்கும் ஆழம் பொதுவாக 800 மீட்டருக்குக் கீழே. அங்குள்ள அழுத்தத்திலும் வெப்பத்திலும் இந்த வாயு ஏறக்குறைய திரவம்போல அடர்ந்துவிடும். தரைமட்டத்தில் 500 கன மீட்டருக்கு மேல் இடம் கேட்கும் ஒரு டன் வாயு, கீழே ஏறத்தாழ 2 கன மீட்டரில் அடங்கும். அப்போதும் பாறைத் துளைகளில் உள்ள உப்புநீரைவிட அது இலேசானது. மேலே ஏறப் பார்க்கும். எனவே வழிவிடும் மணற்கல்லும், அதன்மேல் வழிவிடாத களிப்பாறை மூடியும் சேர்ந்தே வேண்டும்.

இந்த இரண்டும் பொருந்தி அமைந்த இடம் நார்வேயின் ஸ்லைப்னர். வடகடலில் உள்ள அந்த வயலின் இயற்கை எரிவாயுவில் கார்பன் டை ஆக்சைடு சுமார் 9 சதவீதம். விற்க வேண்டுமானால் 2.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். பிரித்தெடுத்ததைக் காற்றில் விட்டால், 1991-இல் வந்த கார்பன் வரியைக் கட்ட வேண்டும். 1996 முதல் அதைக் கடலடியில் உள்ள உட்சிரா மணற்கல்லில் செலுத்துகிறார்கள்; தொடக்க ஆண்டுகளில் ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் டன். உட்சிரா இறுகாத மணல். கனஅளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் துளை. இத்தனை வாயுவை வாங்கியும் அழுத்தம் பெரிதாக உயரவில்லை. அந்த மணலுக்குள் ஒரு மீட்டர் அளவே தடிமனுள்ள களி ஏடுகள் குறுக்கே கிடக்கின்றன. 1999-இல் ஒலியலைகளை அனுப்பி எடுத்த படத்தில், வாயு ஒவ்வோர் ஏட்டின் அடியிலும் பரவி, ஒன்பது அடுக்குகளாக மேலேறி, உச்சிக் களிப்பாறையின் கீழ் வந்து நின்றது தெரிந்தது. இத்தனை மெல்லிய ஏடுகள் ஒரு வாயுவின் பாதையையே வகுத்ததை அந்தப் படம் கண்முன் காட்டியது. எனக்கு இன்றும் வியப்பு அடங்கவில்லை.

அதே நாட்டில், அதே அனுபவசாலிகள் பேரன்ட்ஸ் கடலின் ஸ்னோவிட்டில் 2008-இல் தொடங்கியபோது பாறை முரண்டு பிடித்தது. அங்கே தேர்ந்தெடுத்த டுபோவன் அடுக்கு, பழங்காலத்தில் ஆறுகளும் கழிமுகங்களும் கொட்டிய மணல். நல்ல மணல் ஓடைகள் தனித்தனியே கிடந்தன, இடையில் அடைப்பு. செலுத்தச் செலுத்த அழுத்தம் ஏறியது. பாறை விரிசல் விடும் எல்லையை எட்டுமுன் 2011-இல் அந்த அடுக்கைக் கைவிட்டு, மேலே உள்ள ஸ்டோ அடுக்குக்கு மாறினார்கள். அல்ஜீரியாவின் இன் சலாவில் மணற்கல் அடுக்கின் தடிமன் சுமார் 20 மீட்டர்தான். வழிவிடும் தன்மையும் குறைவு. பாலைவனத் தரை ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் உயர்வதைச் செயற்கைக்கோள்கள் கண்டுபிடித்தன. 2004-இல் தொடங்கிய செலுத்தல் 2011-இல் நிறுத்தப்பட்டது.

ஒரு நாட்டின் நிலத்தடியில் எத்தனை கோடி டன் கொள்ளும் என்று வரைபடத்தில் கணக்குப் போடுவது எளிது. ஆண்டுக்கு எவ்வளவு வாங்கும் என்பதைப் பாறையிடம்தான் கேட்க வேண்டும். பெரிய எண்களை அறிவிக்கும் திட்டங்கள் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போவது எனக்குக் கவலை தருகிறது.

மூடியைத் தவிர வேறு பிடிமானங்களும் உண்டு. வாயு கடந்துபோன துளைகளில், பிழிந்த துணியில் ஈரம் தங்குவதுபோல ஒரு பகுதி சிக்கிக்கொள்ளும். இன்னொரு பகுதி உப்புநீரில் கரையும். கரைந்த நீர் கனமாகிக் கீழே இறங்கும், மேலேறும் அச்சம் போய்விடும். கடைசி நிலை, கல்லாவது. மணற்கல்லில் இது ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பிடிக்கும், ஏனெனில் அதில் பெரும்பங்கான குவார்ட்ஸ் எதனோடும் எளிதில் வினைபுரியாது.

எரிமலைக் குழம்பு உறைந்த கருங்கல்லான பசால்ட் அப்படியல்ல. அதில் கரைந்த வாயுவோடு சேர்ந்து கல்லாகும் கால்சியம், மக்னீசியம், இரும்பு ஏராளம். ஐஸ்லாந்தின் ஹெட்லிஷெய்தி புவிவெப்ப மின்நிலையத்தின் அருகே 2012-இல் கார்ப்ஃபிக்ஸ் குழுவினர் வாயுவை நீரில் கரைத்துப் பசால்ட்டில் செலுத்தினார்கள். கரைத்தே அனுப்பியதால் மேலேறும் பிரச்சினையே இல்லை. ஆனால் ஒரு டன் வாயுவுக்கு 20 டன்னுக்கு மேல் நீர் செலவானது. இரண்டு ஆண்டுகளுக்குள் செலுத்தியதில் 95 சதவீதத்துக்கு மேல் கனிமமாகிவிட்டது என்று 2016-இல் அறிவித்தார்கள். அதற்கு முன்பே கண்காணிப்புக் கிணற்றில் இறக்கியிருந்த பம்பு ஒருநாள் நின்றுபோனது. மேலே தூக்கிப் பார்த்தால், அதன் உடலெங்கும் அந்தக் கனிமமான கால்சைட் படிந்திருந்தது.