வாரம் ஒரு படம்

நம் வீட்டுச் சுவர்களிலுள்ள படங்களைச் சற்றுப் பாருங்கள். மணக்கோலம் உண்டு, பட்டம் பெற்ற கோலம் உண்டு. அம்மி அரைத்த பாட்டி எங்கே? கிணற்றடி எங்கே? விசேஷ தினங்கள் மட்டும் சட்டத்திற்குள் ஏறின. சாதாரண தினங்கள் சுவடின்றி மறைந்தன.

அச்சாதாரண தினங்களையும் போற்றியவர் ஸ்ரீமதி ஹோமாய் வியாரவாலா (1913–2012). டில்லியில் தேசத் தலைவர்களைப் படமெடுத்துப் புகழ் பெறுமுன்னரே, 1930-களின் இறுதியில், பம்பாய் வீதிகளையும் உடன் பயின்ற மாணவியரையும் அவருடைய காமிரா நாடிற்று. 'இல்லஸ்டிரேடட் வீக்லி ஆப் இந்தியா' அப்படங்களை வெளியிட்டது; ஆனால் ஆரம்பத்தில் கணவரின் பெயரால்! 2011-ல்தான் அவருக்குப் பத்ம விபூஷண் கிடைத்தது.

இன்று கைப்பேசியில் ஆயிரம் படங்கள் எடுக்கிறோம். பேணி வைப்பது எத்தனை? வாரத்திற்கு ஒன்று போதும். அடுப்பங்கரை, தெருக்குழாய், கீரைக்காரியின் கூடை — எதுவாயினும் சரி. அதை அச்சிட்டுப் பின்புறம் தேதியும் இடமும் எழுதுங்கள்; எடுத்தவர் பெயரை மறவாதீர்கள். வருஷத்திற்கு 52 படங்கள் சேரும். நாம் எவ்வாறு வாழ்ந்தோம் என்று பேரக்குழந்தைகள் கேட்கும்போது, அவையே விடை சொல்லும்.